மழை வந்தால் திரும்பி வரும் மூத்திர வாடை

நாயோ பூனையோ வீட்டுக்குள் ஒரு மூலையை நனைத்துவிடுகிறது. துடைக்கிறோம், கழுவுகிறோம், கையில் கிடைத்த வாசனைத் திரவத்தையும் தெளிக்கிறோம், வாடை போய்விடுகிறது. சரி, வேலை முடிந்தது என்று இருந்தால், அடுத்த கிழமை மழை பிடித்துப் பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் இறங்கியதும் அதே மூலையிலிருந்து அதே நாற்றம். மறுபடி மூத்திரம் போய்விட்டதோ என்று தொட்டுப் பார்த்தால் தரை காய்ந்துதான் கிடக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, அப்புத்தளைப் பக்கம் செல்லப்பிராணி வளர்க்கிற எந்த வீட்டில் கேட்டாலும் இந்த முறைப்பாடு உண்டு. காரணம் தெரிந்துவிட்டால் பாதித் தொல்லை குறையும், வாசனைத் திரவத்துக்குக் கொட்டுகிற காசும் மிஞ்சும்.

கறையையும் வாடையையும் நாம் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது. கறை என்பது கண்ணுக்குத் தெரிகிற நிறம். மூத்திரத்தில் இருக்கிற மஞ்சள் நிறமி துணியிலோ பலகையிலோ பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வாடை அப்படி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. கீழே ஊறிப்போன மூத்திரத்திலிருந்து வாயு கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகி வெளியேறிக்கொண்டே இருக்கிறது, அதைத்தான் மூக்கு பிடிக்கிறது. மேலே எத்தனை தடவை துடைத்தாலும் கீழே சரக்கு இருக்கும்வரை வாயு வரும். கறை போன இடத்தில் வாடை இருக்கலாம், வாடையே இல்லாத இடத்தில் கறை தங்கியிருக்கலாம்.

மலைநாட்டில் இது கொஞ்சம் கூடுதலான பிரச்சினை. சமவெளியில் நாய் முற்றத்திலேயே படுத்துக்கொள்ளும். இங்கே குளிர் ஒரு பக்கம், சிறுத்தை இன்னொரு பக்கம். தேயிலை மலையை ஒட்டியிருக்கிற லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இராத்திரி நாயை வெளியே விட யாருக்கும் மனசு வராது, சிறுத்தை வந்தால் முதலில் தூக்குவது நாயைத்தான். ஆக நாய் இஸ்தோப்பில், இல்லாவிட்டால் அடுப்படியில், குட்டியாக இருந்தால் பிள்ளைகளின் கம்பளிக்குள்ளேயே. பூனையைக் கேட்கவே வேண்டாம், சூடு எங்கே இருக்கிறதோ அதுதான் அதன் வீடு.

சரி, மூத்திரத்துக்குள் என்னதான் இருக்கிறது? பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் உப்புகளும் நிறமியும் இன்னும் சிலதும் இருக்கின்றன, ஆனால் முக்கியமானது யூரியா. ஆமாம், தோட்டத்தில் மூட்டை மூட்டையாக வருகிற அதே யூரியாதான், வேதியியல் கணக்கில் ரெண்டுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. மூட்டையில் 46% நைதரசன் என்று அச்சடித்திருப்பார்களே, அந்த நைதரசன்தான் இங்கேயும் கதாநாயகன். (2021இல் இலங்கையில் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது இதே யூரியாவுக்கு நாடே அடித்துக்கொண்டது, வீட்டுக்குள் இலவசமாகக் கிடைத்தால் மட்டும் யாருக்கும் வேண்டாம்.) யூரியாவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. ஆரோக்கியமான நாயின் புது மூத்திரம் அவ்வளவாக நாறாமல் இருப்பது அதனால்தான்.

நாற்றத்தை உண்டாக்குவது பற்றீரியா. தரையிலும் தூசியிலும் துணியிலும் எப்போதும் இருக்கிற சில வகைப் பற்றீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியத்தைச் சுரக்கின்றன. அது யூரியாவை உடைத்து அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் ஆக்கிவிடுகிறது. மூக்கில் ஏறி கண்ணைக் கரிக்க வைக்கிற அந்த நெடி அமோனியா. உரக் களஞ்சியத்தில் ஈரம் பட்டு வீணான மூட்டைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இந்த நெடி புதிதாக இருக்காது. ஒரு சின்னத் தகவல்: உலகத்தில் முதன்முதலாகப் பளிங்காக்கப்பட்ட நொதியமே இந்த யூரியேஸ்தான். 1926இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர் என்பவர் வாளவரை விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார், 1946இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிற விஷயத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு.

இப்போது நம்முடைய காலநிலைக்கு வருவோம். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவில்தான். குளிரில் பற்றீரியா மந்தமாகத்தான் வேலை செய்யும், ஈரமும் மெதுவாகத்தான் காயும். கொழும்பில் ஒரு பகலுக்குள் நாறத் தொடங்குகிற ஈரம் இங்கே சில நாள் சத்தமில்லாமல் கிடக்கும். அதனால் நனைந்ததே பல நேரம் தெரிவதில்லை. தெரிகிறபோது அது தரைக்குள் நன்றாக இறங்கியிருக்கும். காய்வதற்கும் வழியில்லை, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, அது விட்டால் ஐப்பசி கார்த்திகை மழை, அப்புறம் வடகீழ் பருவமழை என்று வருஷத்தில் பாதிக்கு மேல் துணி கூட ஒழுங்காகக் காயாத ஊர் இது.

மழை வந்ததும் வாடை திரும்புவதற்குக் காரணமும் இந்த ஈரம்தான். மூத்திரம் காய்ந்த பிறகு உப்புகளும் உடையாத யூரியாவும் நுண்ணிய பளிங்குகளாகத் துளைகளுக்குள் தங்கிவிடுகின்றன. இவை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான்கள். மழைக்காலத்தில் உப்புச் சிரட்டை கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரித்தான். ஈரம் ஏறினால் பளிங்கு கரையும், தூங்கிக்கொண்டிருந்த பற்றீரியாவுக்குத் தண்ணீரும் சாப்பாடும் ஒன்றாகக் கிடைக்கும், வாயு மறுபடி கிளம்பும். வெயில் வந்தால் அடங்கிவிடும். போய்விட்டது என்று நினைப்போம், போகவில்லை.

இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிற முக்கால்வாசிப் பேர் யூரிக் அமிலம், யூரிக் அமிலம் என்று ஒரே பாட்டாகப் பாடுவார்கள். மனுஷனுக்கு அது சரி. நாய்க்கும் பூனைக்கும் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியை ஈரலே அலன்டொயின் என்ற, தண்ணீரில் சுலபமாகக் கரைகிற இன்னொரு பொருளாக மாற்றிவிடுகிறது. டல்மேசியன் இன நாய்தான் இதற்கு விதிவிலக்கு. கொஞ்சம் யூரிக் அமிலம் எல்லா மூத்திரத்திலும் இருக்கும்தான், ஆனால் வாடைக்கு அதைத் தனிக் குற்றவாளியாக நிறுத்துவது கிளீனர் விற்கிறவர்களுக்கு வசதியான கதை.

பூனை விஷயம் வேறு. தாட்டுப் பூனை சுவரில் பீய்ச்சிய இடத்தில் அமோனியாவைத் தாண்டி ஒரு கவிச்சி இருக்கும், அது கந்தகத்தின் வேலை. பூனையின் சிறுநீரகத்தில் ஃபெலினின் என்ற கந்தகம் சேர்ந்த அமினோ அமிலம் உருவாகிறது, அது எப்படி உருவாகிறது என்பதை 2006இல் ஜப்பானைச் சேர்ந்த மசாவோ மியாசாகியின் குழு விளக்கியது. ஃபெலினின் மெதுவாக உடைந்து நாற்றமடிக்கிற கந்தகச் சேர்மங்களாக மாறும். காயடிக்காத ஆண் பூனையில்தான் இது மிக அதிகம். அமோனியாவை அமிலத்தால் அடக்கலாம், இந்தக் கந்தகச் சாமானுக்கு அமிலம் ஒன்றும் செய்யாது. அதனால்தான் நாய்க்குச் சரிவந்த வைத்தியம் பூனைக்குச் சரிவராமல் போகிறது.

சாம்பல் போடலாமா?

லயத்தில் நாய்க்குட்டி போன இடத்தைப் பார்த்தால் பக்கத்துக் காம்பரா ஆச்சி முதலில் சொல்வது, "அடுப்புச் சாம்பல அள்ளிப் போடு புள்ள, இழுத்துக்கிடும்." வாந்திக்கும் கழிச்சலுக்கும் அது மிக நல்ல யோசனை. சாம்பல் ஈரத்தை இழுத்துக் கட்டியாக்கும், தகரத்தால் வழித்து எடுத்துவிடலாம். மூத்திரத்துக்கு, அதிலும் பழைய மூத்திரத்துக்கு, அது தலைகீழ். விறகுச் சாம்பல் காரம். அமோனியா அமிலத் தன்மையில் உப்பாக அடங்கிக் கிடக்கும், காரம் பட்டால் வாயுவாகக் கிளம்பும். சாம்பலைத் தூவிய கொஞ்ச நேரத்தில் நெடி கூடினால் அதுதான் காரணம். சுண்ணாம்பும் இப்படித்தான். பூனை பீய்ச்சிய சுவரைக் கழுவாமல் மேலே வெள்ளையடித்தால் காய்கிறவரைக்கும் வீட்டுக்குள் இருக்க முடியாது, காய்ந்த பிறகும் வாடை போகாது.

இதைப் புரிந்துகொண்டால் வினாகிரி ஏன் உதவுகிறது என்பதும் புரியும். அதில் ஏறக்குறைய 5% அசற்றிக் அமிலம் இருக்கிறது. அமோனியாவோடு சேர்ந்து அதை வாடையில்லாத உப்பாக்கிவிடும், அந்த உப்பு தண்ணீரில் கரையும், கரைந்ததை ஒற்றி எடுத்துவிடலாம். அப்பச்சோடா கொஞ்சம் காரம், ஆகவே அது அமோனியாவை அடக்காது. ஈரத்தை இழுக்கவும் வேறு புளித்த வாடைகளைக் குறைக்கவும்தான் உதவும். ரெண்டையும் ஒரே போத்தலில் கலந்து நுரை பொங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் நிறையப் பேர். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்தபின் போத்தலில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர். முதலில் வினாகிரி, ஒற்றி எடுத்து ஓரளவு காய்ந்த பிறகு சோடா, அதுதான் வரிசை.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

நம் மூக்கை நம்ப முடியாது. சில நிமிஷம் ஒரே வாடைக்குள் இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். வெளியே போய்க் கொஞ்ச நேரம் நல்ல காற்றில் நின்றுவிட்டு உள்ளே வந்து, முழங்காலில் இருந்து, மூக்கைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு மோந்தால் வீடு முழுக்க வாடை என்றுதான் தோன்றும். இன்னொரு வழி, கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கிற ஊதா விளக்கு. இராத்திரி லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு அந்த வெளிச்சத்தைத் தரைமேல் சாய்த்துப் பிடித்தால் காய்ந்த மூத்திரம் மங்கின மஞ்சள் பச்சையாக மின்னும். ஓரத்தில் தெளிவான கோடு, சுவரிலென்றால் மேலிருந்து கீழே வடிந்த தாரை. ஒரு எச்சரிக்கை: சலவைத் தூளில் துணியை வெள்ளையாகக் காட்டுவதற்காகச் சேர்க்கிற பொருளும் இந்த வெளிச்சத்தில் நீலமாக மின்னும், அதனால் துவைத்த துணி எல்லாமே குற்றவாளி மாதிரித் தெரியும். மின்னுகிற இடத்தை மோந்தும் பார்த்துவிட்டு, சோக்கால் சுற்றி ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலையில் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

ஈரம் புதிது என்றால் வேலை சுலபம், ஆனால் எல்லோரும் அவசரப்பட்டுக் கெடுப்பதும் இந்த இடத்தில்தான். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் உள்ளே இறங்கும், பக்கவாட்டிலும் பரவும். பழைய துவாய் ஒன்றை நாலாக மடித்து ஈரத்தின்மேல் வைத்து, அதன்மேல் ஏறி நில்லுங்கள். உங்கள் முழுப் பாரமும் இறங்க வேண்டும். துவாயைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சள் வட்டம் ஏறியிருக்கும். காய்ந்த பக்கத்தை மாற்றி வைத்து மறுபடி நில்லுங்கள். ஏறுவது நின்றதும் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி அதையும் அதே மாதிரி ஒற்றி எடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், மூத்திரத்திலும் கழிச்சலிலும் உள்ள புரதம் சூட்டில் இறுகி நூலோடு பிடித்துக்கொள்ளும். பழைய பத்திரிகைத் தாளும் ஈரத்தை நன்றாக இழுக்கும், ஆனால் வெளிர் நிறத் துணியில் மை ஒட்டும்.

பழைய இடத்துக்கு முதல் வேலை, அதை மறுபடி நனைப்பது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் காய்ந்த பளிங்கைக் கரைத்தால்தான் வெளியே எடுக்க முடியும். வினாகிரியும் தண்ணீரும் சரி பாதி கலந்து, நாய் எவ்வளவு ஊற்றியிருக்குமோ அவ்வளவாவது ஊற்ற வேண்டும், மேலாகத் தெளித்தால் அது அடிவரை போகாது. கடையில் தெளிந்த நிறமற்ற வினாகிரியாகப் பார்த்து வாங்குங்கள். தென்னை வினாகிரி சமையலுக்கு ருசி, துணியில் அதன் நிறம் தங்கலாம். கால் மணி நேரம் விட்டு ஒற்றி எடுங்கள். அந்த நேரத்தில் வாடை முன்னைவிடக் கூடும், பயப்பட வேண்டாம், காய்ந்தது நனைந்தால் அப்படித்தான்.

பூனைக் கவிச்சிக்கு வேண்டியது ஹைட்ரஜன் பெரொக்சைட். பாமசியில் கிடைக்கும், போத்தலில் 10 வொலியூம் என்று இருந்தால் அது 3%, 20 வொலியூம் என்றால் 6%, அதைச் சம அளவு தண்ணீர் சேர்த்துப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். 3% திரவம் 250 மில்லிலீற்றருக்கு அப்பச்சோடா ஒரு மேசைக்கரண்டி, பாத்திரம் கழுவுகிற திரவம் சில துளி. இந்தக் கலவைக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஸ்கங்க் என்றொரு பிராணி நாய்மேல் பீய்ச்சுகிற நாற்றத்துக்காக பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் சொன்ன முறை இது, 1993இல் வெளிவந்தது. ஸ்கங்க்கின் நாற்றமும் கந்தகச் சேர்மம்தான், பெரொக்சைட் அதை ஒட்சியேற்றி வாடையில்லாத பொருளாக்குகிறது. கலந்த உடனே பயன்படுத்திவிட்டு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள், மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். நிறத் துணியை வெளுக்கும் ஆகையால் மறைவான ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பார்ப்பது நல்லது. இதையும் வினாகிரியையும் ஒரே பாத்திரத்தில் கலக்கவும் கூடாது, சேர்ந்தால் கண்ணையும் தோலையும் அரிக்கிற அமிலம் உண்டாகும்.

அப்புறம், நொதியக் கிளீனர். கண்டி மாதிரிப் பட்டணங்களில் செல்லப்பிராணிக் கடைகளில் தேடலாம், இல்லாவிட்டால் ஓடர் பண்ணி எடுப்பிக்கலாம். இதில் உள்ள நொதியங்களும், சில போத்தல்களில் உயிருள்ள பற்றீரியாவும், மிச்சமிருக்கிற சேதனப் பொருளைத் தின்று முடித்துவிடும். நல்ல சாமான்தான், ஆனால் நம் ஊரில் "ஊற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்கிறவர்கள் அதிகம். நொதியத்துக்கு ஈரமும் கொஞ்சம் சூடும் நேரமும் வேண்டும். பதினைந்து பாகைக் குளிரில் அது தூங்கிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரால் இடத்தை முதலில் ஈரமாக்கி, கிளீனரைத் தாராளமாக ஊற்றி, மேலே ஒரு பொலித்தீனைப் போட்டு ஓரங்களில் பாரம் வைத்து, இரவு முழுக்க விட வேண்டும். டெட்டோலோ பிளீச்சோ ஏற்கனவே போட்ட இடமாக இருந்தால் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான் இது, இல்லாவிட்டால் நொதியமும் பற்றீரியாவும் அங்கேயே செத்துவிடும்.

எந்தத் தரை, எந்தத் துணி

சிவப்பு சீமெந்துத் தரை பார்க்க மழமழவென்று இருக்கும், பொலிஷ் மேலே மூடியிருக்கிறவரைக்கும் ஈரம் உள்ளே போகாது. பிரச்சினை வெடிப்புகளில். வெடிப்பின் ஓரத்தில் பொலிஷ் தேய்ந்து, சிவப்புப் போய்ச் சாம்பல் நிறம் தெரிகிற இடத்தைக் குனிந்து பார்த்தால் சில நேரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். சீமெந்திலேயே அப்படி உப்புப் பூப்பதுண்டு, அதனால் மோந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நாறினால் அங்கேதான் சரக்கு. ஆனால் வினாகிரியைச் சீமெந்தில் ஊற்றி மணிக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், அமிலம் சீமெந்தை அரிக்கும், பொலிஷையும் கிளப்பிவிடும். சீமெந்துக்கு என் தெரிவு நொதியக் கிளீனர்தான், கிடைக்காவிட்டால் பெரொக்சைட் கலவை. காய்ந்த பிறகு வெடிப்பைச் சீமெந்துப் பால் விட்டு அடைத்து, பொலிஷ் போடலாம். காயாமல் பொலிஷ் போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். மழைக்காலத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம், தை மாசி வெயிலுக்குக் காத்திருங்கள்.

மெத்தையில் மேலே கைப்பிடி அகலக் கறை என்றால் அடியில் அது தட்டு அகலத்துக்கு விரிந்திருக்கும். மேலே மட்டும் துடைத்து ஒரு பிரயோசனமும் இல்லை. பஞ்சு மெத்தையைப் பிரித்து அந்தப் பஞ்சை எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு வைப்பதுதான் மலிவு. ஸ்பொன்ஞ் மெத்தை என்றால் உறையைக் கழற்றி, ஸ்பொன்ஜை நனைத்து மிதித்துப் பிழிந்து நிமிர்த்தி வைத்துக் காயவிடலாம், நாலு நல்ல வெயிலாவது வேண்டும். கம்பளிக்கு நொதியம் சேர்ந்த சலவைத் தூளோ கிளீனரோ போடாதீர்கள். கம்பளி மயிரும் புரதம்தான், புரதத்தைத் தின்கிற நொதியம் அதையும் சேர்த்துத் தின்னும். கம்பளிக்குப் பச்சைத் தண்ணீர், கொஞ்சம் வினாகிரி, மென்மையான சவர்க்காரம், போதும்.

பழைய பங்களாக்களில் பலகைத் தரை. அதில் கறுப்பாக விழுந்த புள்ளி, மூத்திரமும் மரத்தில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருளும் ஆணியின் இரும்பும் சேர்ந்து உண்டாக்கின நிறம். இழைக்காமல் அது போவது அபூர்வம். இழைத்து, நன்றாகக் காயவைத்து, அரக்கு வார்னிஷ் பூசினால் மிச்ச வாடை உள்ளேயே அடைபட்டுவிடும்.

காயவைக்கிறேன் என்று கரி அடுப்பை மூடின அறைக்குள் வைக்காதீர்கள். கரி எரிவதில் வருகிற காபனோரொட்சைட்டுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை, தூங்கினவர் எழும்ப மாட்டார். மின்விசிறி ஒன்றைத் தரைமட்டத்தில் வைத்து, வெளிச்சம் வருகிற நேரமாகப் பார்த்து ஜன்னலைத் திறந்துவிடுவதே போதும். மூட்டம் இறங்கியதும் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் விசிறி ஈரத்தைத்தான் உள்ளே அடிக்கும்.

பிளீச் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமோனியா இருக்கிற இடத்தில் பிளீச் ஊற்றினால் குளோரமீன் என்ற வாயு வரும், அது நுரையீரலுக்கு ஆகாது. பிளீச்சோடு வினாகிரியோ கக்கூசு கழுவுகிற அமிலமோ சேர்ந்தால் இன்னும் மோசம், குளோரீனே கிளம்பும். டெட்டோல் மாதிரிக் கிருமிநாசினிகளையும் பூனை இருக்கிற வீட்டில் தரையில் விட வேண்டாம். அதில் உள்ள பினோல் வகைப் பொருளைப் பூனையின் ஈரலால் சரியாக உடைக்க முடியாது, அது நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அப்படியே உள்ளே போகும். பூச்சி உருண்டை, யூக்கலிப்டஸ் எண்ணெய் ரெண்டும் அப்படித்தான் ஆபத்து. துடைக்கும்போது கையுறையோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஷொப்பிங் பையோ கையில் மாட்டிக்கொள்ளுங்கள், எலிக்காய்ச்சல் கிருமி நாய் மூத்திரத்திலும் வரும், கையில் கவ்வாத்துக் கத்தி பட்ட வெட்டு ஒன்று போதும் அது உள்ளே போக. கழுவின தண்ணீரைக் கானில் ஊற்றுங்கள், தண்ணீர் பிடிக்கிற பீலிப் பக்கம் வேண்டாம்.

பிராணி மறுபடி அதே இடத்துக்கே ஏன் போகிறது? அதன் மூக்குக்கு இன்னும் வாடை இருக்கிறது, அவ்வளவுதான். நமக்குப் போய்விட்டதென்று தோன்றுகிற இடம் நாய்க்குப் பெயர்ப்பலகை மாட்டின கக்கூசு. அடித்துப் பயனில்லை, மூக்கைப் பிடித்துத் தரையில் தேய்ப்பது அதைவிட வீண், ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகத்தான் அது படிக்கும். குட்டியின் மூத்திரம் ஊறின தாளில் ஒரு துண்டைத் தோட்டத்து ஓரத்தில் கல்லை வைத்துப் போடுங்கள், சாப்பிட்டதும் தூங்கி எழும்பினதும் அங்கே கூட்டிப் போங்கள். ஆண் பூனைக்குக் காயடித்துவிட்டால் பெரும்பாலானவை பீய்ச்சுவதை நிறுத்தும், மூத்திரத்தின் கவிச்சியும் குறையும்.

ஒழுங்காக இருந்த பிராணி திடீரென்று வீட்டுக்குள் மூத்திரம் போகத் தொடங்கினால் கிளீனரை வைத்துவிட்டு மிருக வைத்தியரைப் பாருங்கள். சிறுநீர்க் குழாயில் அழற்சி, கல், சலரோகம் எதுவாகவும் இருக்கலாம். ஆண் பூனை குந்திக் குந்தி முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும், அடைப்பு ரெண்டு மூன்று நாளில் உயிரை எடுத்துவிடும். உங்கள் பிரதேசத்து அரச மிருக வைத்திய அலுவலகத்தில் காட்டலாம், முடியாத கேஸ் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலை இருக்கிறது.

பூனைக்குத் தட்டில் மணலோ, பலகை ஆலையில் கிடைக்கிற மரத்தூளோ போட்டு வைத்தால் வீட்டுக்குள் கண்ட இடத்துக்குப் போகாது, தட்டு சுத்தமாக இருந்தால் மட்டும். கழிவைத் தினமும் அள்ளிவிடுங்கள். பூனைக் கழிவில் வரக்கூடிய டொக்சொபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி ஒரு நாள் முதல் ஐந்து நாளுக்குள்தான் தொற்றும் நிலைக்கு வரும், தினமும் அள்ளினால் அதற்கு அவகாசம் கிடைக்காது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தத் தட்டை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.